சாளை எண்ணெய்ச் சாக்கு

சேக்காளிகளே, என் மாமா விஷயத்தில் "எங்களுக்கு அன்னைக்கே தெரியும்" என்று இப்போது நீங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிவதாகக் கேள்விப்பட்டேன். கேட்டதும் குடித்த டீ புரையேறி மூக்கு வழியே வந்தது. உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, போன மாதம் வரைக்கும் தெரியாது. மாமாவின் பேரனுக்குக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து டீக்கடையில் நின்றபோது உங்களில் ஒருவர் என்ன சொன்னார்?

"கொள்ளி வீட்டுப் பையனுக்குக் கல்யாணமாம்லே. மண்டபத்து வாசல்ல தீயணைப்பு வண்டிய நிறுத்தி வைக்கச் சொல்லுங்கவே."

பேரைச் சொல்ல மாட்டேன். பல்செட் போட்டவர் என்று மட்டும் சொல்கிறேன். நம்மில் மூன்று பேர் பல்செட். அவர்களே தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். எல்லாரும் சிரித்தீர்கள். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். "அவனுக்குச் சுகர் கூடிப்போச்சு போல" என்று பேசிக்கொண்டீர்களாம். கூடியது சுகர் இல்லை.

என்னை உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பை இரண்டு வருடம் படித்தவன். மூன்றாவது வருடமும் இருந்துவிட்டுப் போ என்றார்கள்; நான்தான் மற்ற பிள்ளைகளுக்கும் இடம் வேண்டுமே என்று எழுந்து வந்துவிட்டேன். வாய் ஒன்றுதான் என் சொத்து. அந்த வாயால் இத்தனை வருடம் உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த வாய் ஒரே ஒரு தடவை, ஒரு பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், நூற்றுக்கு நூறு உண்மை பேசியது. அன்றைக்கும் நீங்கள் சிரித்தீர்கள். அதை எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் வேறு மாதிரிச் சொல்லக் கூடாது.

நாம் டவுசர் போட்டுத் திரிந்த காலம். புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நைலான் வலை வந்துவிட்டது, ஆனால் எங்கள் வள்ளம் இன்னும் பாய் விரித்துத்தான் ஓடியது. வள்ளம் பெரியப்பாவுடையது. அப்பாவின் அண்ணன், வீட்டுக்கு நீதிபதி, வக்கீல், போலீஸ் எல்லாம் அவர்தான். அப்பா தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். வருடத்தில் பாதி நாள் அவர் எங்களுக்குக் கொடியில் கிடக்கும் ஒரு சட்டை மட்டும்தான். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டிலேயே தங்கிப் பெரியப்பாவின் வள்ளத்தில் கடலுக்குப் போனார்.

நம் ஊரில் இரும்பு வாங்கினால் அது இரும்பாக இருப்பது கொஞ்ச நாள்தானே. உப்புக் காற்று ஒரு பக்கமிருந்து தின்ன ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் துரு அப்பளம் அப்பளமாகப் பொரிந்து நிற்கும். நான் அதைப் பிய்த்துத் தட்டில் வைத்து "மோர் வத்தல், மோர் வத்தல்" என்று கூவிக் கடை நடத்துவேன். உங்களில் ஒருவர் நிஜமாகவே கடித்துப் பார்த்தீர்கள். அவரும் இப்போது பல்செட். குடையை விரித்தால் கம்பி ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். அம்மா தையல் ஊசியைத் தேங்காய் எண்ணெய் துணியில் குத்தி வைத்திருப்பாள்; மறந்து வெளியே வைத்தால் மறுவாரம் அது பழுப்பு முள்.

அப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. பிஸ்கட் தீர்ந்தபின் தூண்டில் முள் போட்டு வைத்தோம். அதன்மேல் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி நீளப் பாவாடையோடு நிற்பாள். துரு அவளைக் கீழேயிருந்து தின்ன ஆரம்பித்தது. முதலில் செருப்பு போயிற்று. அப்புறம் பாவாடையின் ஓரம். நான் தினமும் காலையில் எழுந்ததும் எதுவரை வந்திருக்கிறது என்று போய்ப் பார்ப்பேன். முழங்காலை எட்டியதும் அம்மா டின்னைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். பிறகு அந்த டின் எங்கே போனதோ. இன்றைக்குக் கிடைத்தாலும் மீதிக் கதையைப் பார்த்துவிடுவேன்.

"எல்லாத்தையும் காத்து தின்னுது" என்பாள் அம்மா. நறுக்கிய வாழைக்காய் கறுத்தாலும் அதையே சொல்லுவாள், உடனே தண்ணீரில் போடுவாள். எங்கள் வீட்டில் அதிகம் தின்றவன் நான். எனக்கு அடுத்தபடி காற்று. அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று அவளுக்கே தெரியாது. காற்று இரும்பைத் தின்பது தெரிந்த நமக்கு, எண்ணெயையும் தின்னும் என்று தெரியாமல் போனது. மெல்லத் தின்னும்போது துரு என்கிறோம். அவக் அவக்கென்று தின்றால் தீ என்கிறோம். வாய் ஒன்றுதான்.

மாமா கதைக்கு வருகிறேன். மாமாவுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. பெண், உபதேசியாரின் மகள். உபதேசியார் என்றால் நமக்கு ஞாயிற்றுக்கிழமை மந்திரம் சொல்லிக் கொடுத்தவர், வெள்ளை ஜிப்பா, கையில் பூவரசங்கம்பு. அந்த அக்காவுக்கு மாமாவைப் பிடித்திருந்தது. மாமாவுக்கு அக்காவை எவ்வளவு பிடித்திருந்தது என்றால், அவள் தண்ணீர் எடுக்கும் குழாயடி வழியாகவே கடற்கரைக்குப் போவார். கடற்கரை எதிர்ப்பக்கம் இருந்தது.

இடையில் நின்றது பீடி. மாமா கட்டுக் கட்டாகப் பீடி குடிப்பவர். உபதேசியாருக்குப் பீடி என்றால் சாத்தானின் விரல். தவசு காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோயில் வாசலில் வைத்து மாமாவிடம் சொன்னார்.

"தவசு காலம் முழுக்க ஒரு பீடி தொடாம இரு. இருந்துட்டா ஈஸ்டர் முடிஞ்ச ஞாயித்துக்கிழம ஓலை வாசிப்போம். நடுவுல ஒண்ணு குடிச்சாலும், என் மவளுக்கு வேற எடம் பாத்துருவேன்."

"ஒண்ணும் தொடமாட்டேன்" என்றார் மாமா.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொல்லுதேனே."

உபதேசியாருக்கு அது போதவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். நான் கோயில் படியில் உட்கார்ந்து, போனவர்கள் வந்தவர்கள் நெற்றிச் சாம்பலைப் பார்த்து யாருக்குச் சிலுவை கோணல் என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். "ஏலே, இங்கன வா" என்றார். அன்று முதல் எனக்கு உத்தியோகம். தினமும் சாயங்காலம் மாமாவின் வாயை மோந்து பார்த்துவிட்டு உபதேசியார் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். சம்பளம் ஒரு கருப்பட்டி மிட்டாய்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் ஊரறிந்த புளுகன். பைபிளில் யோனாவை விழுங்கிய மீனின் எலும்பு முயல்தீவில் கிடக்கிறது, நான் அதன்மேல் ஏறி விளையாடினேன் என்று மந்திர வகுப்பிலேயே சொல்லி உபதேசியாரிடம் அடி வாங்கியவன். ஆனாலும் வேவு பார்க்க என்னைத்தான் பிடித்தார். மூளையுள்ள எவனும் இன்னொருத்தன் வாய்க்குள் மூக்கை விடமாட்டான் என்று அவருக்குத் தெரியும்.

மாமா பட்ட பாடு இருக்கிறதே! பீடிக்குப் பதிலாகக் கொத்தமல்லி விதையை மென்றார். புளியங்கொட்டையைச் சப்பினார். விரலுக்கிடையில் ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு சும்மா ஊதினார். ராத்திரி தூக்கத்தில் உதட்டைக் குவித்து இழுப்பார். வலையைக் காயப்போட்டுவிட்டு மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பற்றவைக்கும்போது இவர் எழுந்து போய்க் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்.

"அங்கன நின்னு என்னவே செய்யுதீரு?" என்று கரையிலிருந்து கத்துவார்கள்.

"மீன எண்ணுதேன்" என்பார்.

தினமும் சாயங்காலம் என்னைப் பார்த்ததும் குனிந்து வாயைத் திறப்பார். "மோந்துக்கோங்க ஏட்டையா." நான் மூக்கை விடுவேன். கொத்தமல்லி, காலையில் தின்ற நெத்திலிக் கருவாடு, சொத்தைப் பல் ஒன்று. பீடி இல்லை. ஒரு நாளும் இல்லை. ஓடிப்போய் உபதேசியாரிடம் "வாய் சுத்தம்" என்பேன். அவர் தலையாட்டி மிட்டாயைத் தருவார். உள்ளே கதவிடுக்கில் அந்த அக்காவின் வளையல் சிணுங்கும். தவசு காலம் முழுக்க இந்தப் புளுகன் சொன்னதை அவர் நம்பினார்.

அந்தக் காலத்தில்தான் வள்ளத்தைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். இடுக்கு அடைத்து, சுரண்டி, கடைசியாகச் சாளை எண்ணெய் பூசுவார்கள். சாளை மீனை வேகவைத்துப் பிழிந்த எண்ணெய். அந்த வாடையை எழுத எனக்குப் படிப்பு போதாது, படித்தவர்களுக்கும் போதாது. பழைய வேட்டி, சேலை, சட்டை எல்லாவற்றையும் கிழித்து, எண்ணெயில் முக்கி, பலகையில் தேய்க்க வேண்டும். என் டவுசர் ஒன்றும் அதில் போயிற்று. எனக்கு இருந்தது இரண்டு.

தேய்த்த துணியை வழக்கமாக அம்மா சாயங்காலம் வேலியில் விரித்துப் போடுவாள். காற்றில் கிடந்து விறைத்துப்போகும். மறுநாள் புதுத் துணி வேண்டும். பெரியப்பாவுக்கு அது வயிற்றெரிச்சல். "காத்து பட்டுப் பட்டு எண்ணெ பிசினாப் போகுது. எவன் வீட்டு எண்ணெ?" என்று தினமும் கத்துவார்.

பெரிய வியாழன் மத்தியானத்தோடு வேலையை நிறுத்தினார்கள். பெரிய வெள்ளியன்று நாம் ஆணி அடிக்க மாட்டோம், துணி துவைக்க மாட்டோம், அடுப்புக்கூடப் பயந்து பயந்துதான் எரியும். அம்மா எண்ணெய்த் துணிகளை அள்ளிக்கொண்டு வேலிப் பக்கம் போனாள். பெரியப்பா பிடித்துக்கொண்டார்.

"ஏளா, எங்கன போற?"

"விரிச்சுப் போட்டுட்டு வாரேன் பெரியத்தான்."

"நாளைக்கு என்ன நாளு? சிலுவைப்பாத இந்தத் தெரு வழியா வருது. ஆண்டவரு சிலுவையில தொங்குத நாள்ல என் வீட்டு வேலியில கந்தத்துணி தொங்கணுமா?"

"அப்ப எங்கன போட?"

பெரியப்பா மாமாவைப் பார்த்துத் திரும்பினார். "சாக்குல போட்டு இறுக்கிக் கட்டுலே. ஒரு பொட்டுக் காத்து போகக் கூடாது. ஈஸ்டர் முடிஞ்சு அதே துணிய எடுத்துத் தேச்சிரலாம். எண்ணெயும் மிச்சம்."

"சரி அண்ணாச்சி" என்றார் மாமா. காலால் மிதித்து மிதித்து அடைத்தார். சாக்கின் வாயைக் கட்டி, ஓலைக் கொட்டகைக்குள் கொண்டுபோய், மடித்து வைத்திருந்த வள்ளத்துப் பாயை ஒட்டி வைத்தார். பெரியப்பா கூடவே போய்ப் பாயின் ஒரு மடிப்பைச் சாக்கின்மேல் இழுத்துப் போட்டு மூடினார். கண்ணியமாக, வெளியே தெரியாமல்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குள் போனவன் ஒருவன் உண்டு. அடியேன்தான். பெரிய வெள்ளி, ஒருசந்தி. வீட்டில் கஞ்சித்தண்ணீர்கூடக் கிடையாது. தவசு காலமெல்லாம் வாங்கிய மிட்டாயில் கொஞ்சம் கொட்டகை ஓலைக்குள் சொருகி வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு சாக்கின்மேல் உட்கார்ந்தேன். இதமான சூடு. அடைகாக்கும் கோழிக்கு அடியில் கைவிட்டால் இருக்குமே, அப்படி. பழைய எண்ணெயும் பெயிண்டும் கலந்த மாதிரி மூக்கைக் குத்தும் ஒரு வாடை. கொஞ்ச நேரத்தில் சூடு பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டேன். முற்றத்துக்கு வந்து பெரியப்பாவிடமே சொன்னேன்.

"பெரியப்பா, சாக்கு சுடுது."

"ஒருசந்தி நாள்ல அங்கன என்னலே தின்ன?" என்று காதைத் திருகினார். மிட்டாய் போயிற்று. பேச்சும் போயிற்று.

மத்தியானம் சிலுவைப்பாதை. பெரிய வெள்ளியில் மணி அடிக்கக் கூடாது என்று மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு போவார்களே, அந்தச் சத்தம் தெருவெல்லாம். ஊர் முழுக்க வெயிலில் முட்டுக்கால் போட்டிருந்தது. மாமா கூட்டத்தின் கடைசியில் நின்றார். அதனால் அவர் கண்ணில்தான் முதலில் பட்டது: எங்கள் கொட்டகை உச்சியில் மஞ்சளாக ஒரு புகை. "தீ, தீ" என்று கத்திக்கொண்டு ஓடினார். நாங்கள் போய்ச் சேரும்முன் ஓலை படபடவென்று வெடித்தது. காற்று கடலிலிருந்து அடித்தது. ஒரு மூச்சுக்குள் கூரை முழுக்கத் தீ. பாய் உள்ளேயே போயிற்று.

கொட்டகையை ஒட்டி நின்ற வள்ளத்தை மாமா ஒற்றை ஆளாக நெம்பிக்கொண்டிருந்தார். புதிதாக எண்ணெய் பூசிய வள்ளம். தீ தொட்டிருந்தால் அது விறகு. இன்னும் நாலு பேர் போய்ச் சேர்ந்ததும் வள்ளம் நகர்ந்தது. மாமாவின் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துத் தொங்கின. வள்ளம் பிழைத்தது. அந்த வள்ளத்தில்தான் அடுத்த பத்து வருடம் எங்கள் வீடு கஞ்சி குடித்தது.

தீ அடங்கியதும் பெரியப்பா சாம்பலைச் சுற்றி வந்தார். கொட்டகைக்கு வெளியே மணலைக் கிளறி எதையோ எடுத்து உயர்த்திக் காட்டினார். ஒரு பீடித்துண்டு.

சேக்காளிகளே, நம் கடற்கரை மணலில் பீடித்துண்டு! கோயிலில் மெழுகுவத்தித் துண்டைக் கண்டுபிடித்த மாதிரி. அந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து ஊதியிருக்கிறார்கள். தோண்டினால் கட்டபொம்மன் காலத்துச் சுருட்டுக்கூடக் கிடைக்கும். ஆனால் கூட்டம் அந்தத் துண்டைப் பார்த்தது, மாமாவைப் பார்த்தது, முடிந்தது.

"நாங்க எல்லாரும் முட்டுக்கால் போட்டுக் கெடந்தோம். இவன் மட்டும் எப்பிடி மொதல்ல இங்கன வந்தான்? வந்து ஊதிருக்கான்" என்றார் பெரியப்பா.

முதலில் ஓடிவந்ததே குற்றமாகிவிட்டது. உபதேசியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"பீடி குடிச்சியா?"

"இல்ல."

"சிலுவ மேல சத்தியம் பண்ணு."

மாமா கொப்பளித்த கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். "இல்லன்னு சொன்னா இல்லதான். அதுக்கு எதுக்குச் சிலுவ? சத்தியம் பண்ணாத்தான் நான் சொல்லுதது நெசம்னா, இத்தன நாளும் நான் பேசுனதெல்லாம் என்ன?"

"பாத்தியளா, சத்தியம் பண்ண மாட்டேங்கான்" என்றது கூட்டம்.

அப்போதுதான் நான் நடுவில் போய் நின்றேன். இடுப்பில் மிஞ்சிய ஒற்றை டவுசர். "மாமா வாய் சுத்தம்! இப்பத்தான் ஓடிப்போய் மோந்தேன். பீடி வாடையே இல்ல. சாக்குதான் சுட்டுச்சு. காலையில நான் அது மேல உக்காந்தேன், அதுவே சூடா இருந்துச்சு!"

உடனே கூட்டத்திலிருந்து ஒருவர், "சாக்கு சுடலலே, உன் குண்டி சுட்டுருக்கும்" என்றார். பெரிய வெள்ளிக்கிழமை, ஆண்டவர் செத்த நாள், அந்தத் தெரு முழுக்கச் சிரித்தது. டவுசர் போட்ட நீங்களும் சிரித்தீர்கள். உபதேசியார் என்னைப் பார்த்து, "யோனா மீனு எலும்பக் கண்டவன்தான நீ" என்றார். தவசு காலமெல்லாம் நான் சொன்னதை நம்பியவர். நம்பி மிட்டாய் கொடுத்தவர். நம்பியே ஆக வேண்டிய ஒரே நாளில் நம்பவில்லை. என் பின்பக்கத்துக்குத் தெரிந்த உண்மை அந்தக் கூட்டத்தில் ஒரு தலைக்கும் ஏறவில்லை.

ஓலை வாசிக்கவில்லை. அந்த அக்காவை மணப்பாட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். கை ஆறியதும், பெரியப்பாவின் வள்ளத்தில் இனி ஏற மாட்டேன் என்றுவிட்டார் மாமா. தழும்பேறிய கையோடு போய்ப் புதுத் துறைமுகத்தில் கல் சுமக்கச் சேர்ந்தார். சில வருடம் கழித்து அவருக்கு வேறு கல்யாணம் ஆயிற்று, மாமி நல்லவள். ஆனால் பேர்? கொள்ளி. மகனுக்குக் கொள்ளி மகன். பேரனுக்குக் கொள்ளி வீட்டுப் பையன். இதில் என் வயிறு அதிகம் எரிவது எதற்கென்றால், அதன்பிறகு மாமா வாழ்நாளில் ஒரு பீடி தொடவில்லை. அதற்கும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கள்ளத்தனமா ஊதுதான்."

எனக்கு விஷயம் விளங்கியது ரொம்பப் பின்னால்தான். துறைமுகத்துக்கு வெளியே ஒரு நிலக்கரிக் கிட்டங்கியில் எனக்குத் தண்ணீர்க் குழாய் பிடிக்கும் வேலை. மலை மலையாகக் கரி. ஒரு நாள் ஒரு குவியலின் இடுப்பிலிருந்து புகை வந்தது. பக்கத்தில் மனுஷன் இல்லை, காக்காய் இல்லை. பயந்துபோய்ச் சூப்பர்வைசரிடம், "எவனோ பீடியப் போட்டுட்டான் சார்" என்றேன். பார்த்தீர்களா, என் வாயிலும் முதலில் பீடிதான் வந்தது.

"எவனும் போடல. அது தானா சூடாகும். காத்து படப் படக் கரி உள்ளுக்குள்ள காயும், சூடு வெளிய போக வழியில்லன்னா பிடிச்சிரும். குவியலக் கலைச்சுவிட்டுத் தண்ணி அடி" என்றார். அதே மூச்சில் எண்ணெய் துடைத்த பஞ்சைக் குப்பையில் போடாதே, மூடி போட்ட தண்ணீர் டிரம்மில் போடு, அதுவும் இதே கூத்துதான் என்றார்.

குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். தண்ணீர் யார்மேலோ அடித்திருக்கிறது. திட்டு விழுந்தது பிறகுதான் தெரிந்தது. வேலியில் விரித்தபோது எண்ணெயைக் காற்று தின்றது, சூடு காற்றோடு போனது, துணி விறைத்தது, அவ்வளவுதான். சாக்கில் மிதித்து அடைத்தபோதும் துணி இடுக்கில் இருந்த காற்று தின்றுகொண்டுதான் இருந்தது. சூட்டுக்குத்தான் போக இடமில்லை. திருவிழா பஸ்ஸில் நடுவில் மாட்டியவன் மாதிரி வெந்து, வெந்து, கடைசியில் பாய்க்கும் ஓலைக்கும் தாவிவிட்டது. தீப்பெட்டி கிடையாது. பீடி கிடையாது. அம்மாவை அன்றைக்கு வேலிக்குப் போக விட்டிருந்தால் போதும்.

அன்று சாயங்காலமே பெரியப்பாவிடம் ஓடினேன். வயதாகிச் சாய்வு நாற்காலியில் கிடந்தார். சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"அப்ப நான்தான் கொளுத்துனேங்கியா?"

"யாரும் கொளுத்தலன்னு சொல்லுதேன் பெரியப்பா. மாமாகிட்ட ஒரு வார்த்த..."

"வயசான காலத்துல வந்து என் மூஞ்சியில கரி பூசுதியா? போலே."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே அவர் போய்ச் சேர்ந்தார். உபதேசியார் அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் "நம்ம கோமாளி இன்னிக்கு நல்லா விடுதான்" என்று எனக்கு இன்னொரு டீ சொன்னீர்கள். டீயைக் குடித்தேன். கோபத்தில் குடித்தேன்.

அதனால்தான் போன மாதம் அந்தத் தீயணைப்பு வண்டிச் சிரிப்புக்குப் பிறகு முடிவெடுத்தேன். மீன் எண்ணெய் ஆலையில் தெரிந்தவனிடம் ஒரு கேன் சாளை எண்ணெய் வாங்கினேன். முதல் தடவை துணியைத் தளர்வாகப் போட்டு வைத்தேன். சூடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தெருப் பூனை எல்லாம் குடும்பத்தோடு வந்து குடியேறியது. என் வீட்டுக்காரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அது லாபம். இரண்டாவது தடவை பெரியப்பா சொன்னபடியே மிதித்து அடைத்தேன். வீட்டுக்குப் பின்னால் வெறும் மணலில், நாலு வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டு, சாக்கின்மேல் பழைய தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். பீடி, சிகரெட், லைட்டர் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன்.

சீட்டு ஆடினீர்கள். என்னைக் கிண்டல் செய்தீர்கள். சாப்பிட்டுவிட்டு வந்தும் கிண்டல் செய்தீர்கள். பிறகு பல்செட்டே எழுந்துபோய் தார்ப்பாய்க்குள் கையை விட்டார். "ஏலே... சுடுதுலே" என்றார். குரல் கீச்சென்றது. கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகப் புகை. சாக்கின் வாயை நான் கம்பால் பிரித்துவிட்டதும் உள்ளே காற்று புகுந்து, குப்பென்று தீ. சிலுவைக் குறி போட்டவர்களைப் பார்த்தேன்.

"வாங்கவே, மாமாட்டப் போவோம்" என்றீர்கள். நான் கூப்பிடவில்லை, நீங்களாகத்தான் சொன்னீர்கள். எண்ணெய் வாடையோடு அப்படியே போனோம்.

மாமா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது தாண்டிய உடம்பு, ஆனால் நிமிர்ந்துதான் உட்காருவார். பல்செட் முன்னால் போய் நின்றார்.

"மாமா, நாங்க கண்ணால பாத்துட்டோம். துணி தானாவே பிடிச்சிருச்சு. நீங்க பீடி குடிக்கல மாமா."

மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் குடிக்கலன்னு நான்தான் அன்னைக்கே சொன்னனே."

"இல்ல மாமா, இப்ப ருசுப் பண்ணியாச்சு. அதான் எல்லாருமா மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னு..."

"யார் சொல்லி நம்புனிய?"

"அந்தத் துணி..."

"நான் வாயத் தொறந்து சொன்னேன், நம்பல. என் கை வெந்து தொங்குனதப் பாத்திய, நம்பல. கந்தத்துணி சொன்னா நம்புதிய." இப்போதுதான் திரும்பினார். "அப்ப மன்னிப்பையும் அந்தத் துணிகிட்டயே போய்க் கேளுங்க."

ஒருவர் பின் ஒருவராகத் தலை குனிந்தீர்கள். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம்! இத்தனை வருடக் கோபத்துக்கும் மாமாவே பதில் சொல்லிவிட்டார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உங்களுக்கு முன்னால் வந்து, அவர் பக்கத்தில் போய் நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ அன்னைக்கே என்ன நம்புனவன்."

"ஆமா மாமா."

"பெறகு எதுக்குலே சோதன பண்ணிப் பாத்த?"

வாய் ஒன்றுதான் என் சொத்து என்று சொன்னேன் அல்லவா. அதை மூடிக்கொண்டு, அவர் பக்கத்திலிருந்து திரும்பி வந்து உங்கள் வரிசையில் நின்றேன். மாமி உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தாள். ஒரே ஒரு டம்ளர். மாமா கையில் கொடுத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.